மின்னஞ்சல் கை மாறிய கதை

1989 ஜனவரி 19. அமெரிக்க அதிபர் ரொனால்ட் ரீகன் பதவியிலிருந்து இறங்க ஒரே ஒரு நாள் இருந்தது. வெள்ளை மாளிகைக் கணினிகளின் பேக்கப் டேப்புகள் அழிக்கப்படவிருந்த நிலையில், பத்திரிகையாளர் ஸ்காட் ஆம்ஸ்ட்ராங்கும் வாஷிங்டனிலுள்ள நேஷனல் செக்யூரிட்டி ஆர்க்கைவ் என்ற தனியார் அமைப்பும் நீதிமன்றத்துக்குப் போய்த் தடை வாங்கினார்கள். அந்த டேப்புகளின் அருமை அதற்கு முன்பே வெளிப்பட்டிருந்தது. ஈரானுக்கு ரகசியமாக ஆயுதம் விற்று, கிடைத்த பணத்தை நிகராகுவாவின் கிளர்ச்சியாளர்களுக்குத் திருப்பிவிட்ட விவகாரம் 1986 நவம்பரில் வெடித்தபோது, அதில் சிக்கிய வெள்ளை மாளிகை அதிகாரிகள் ஜான் பாயின்டெக்ஸ்டரும் ஆலிவர் நார்த்தும் தங்கள் கணக்குகளிலிருந்து ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட மின்னஞ்சல்களை அழித்தார்கள். திரையில் மறைந்தவை டேப்பில் பிழைத்திருந்தன. விசாரணைக் குழு அவற்றை அங்கிருந்துதான் எடுத்தது.

வழக்கு நான்கு ஆண்டுகளுக்கு மேல் இழுத்தது. அரசின் வாதம் எளிமையானது: முக்கியமான மின்னஞ்சலைத் தாளில் அச்சிட்டுக் கோப்பில் சேர்த்துவிட்டால் போதும், கணினியில் இருப்பதை அழிக்கலாம். 1993 ஜனவரியில் நீதிபதி சார்ல்ஸ் ரிச்சி அதை ஏற்க மறுத்தார். ஆகஸ்டில் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அவர் பக்கமே நின்றது. காரணம், தாளுக்கு வராமல் போனவை. அச்சில் பயனாளர் குறியீடு இருக்கும், அதற்குப் பின்னால் இருக்கும் ஆளின் பெயர் இருக்காது. ஒரு குழுவின் பெயர் இருக்கும், குழுவில் யார் யார் என்பது இருக்காது. பெற்றவர் அதை எப்போது திறந்தார் என்பதும் இருக்காது. ஓர் ஆட்சியில் யாருக்கு எது எப்போது தெரியும் என்ற கேள்விக்கு விடை கிடைப்பது இந்த விவரங்களில்தான். மின்னஞ்சல் என்பது அதன் வாசகம் மட்டுமல்ல என்று ஒரு நாட்டின் சட்டம் தெளிவாக ஒப்புக்கொண்ட தருணம் இது. பின்னாளில் தனிமனிதர்கள் தங்கள் மின்னஞ்சலைக் காப்பகங்களுக்குக் கொடையாகத் தரத் தொடங்கியபோது இந்தப் பாடம் எளிதில் மறக்கப்பட்டது. கொடுத்தது என்ன என்பதைவிட, அது எப்படிக் கை மாறியது என்பதே கொடையின் மதிப்பைத் தீர்மானிக்கிறது என்பது என் வாதம்.

பொதுமக்களிடம் மின்னஞ்சல் கேட்டு வாங்கிய பெரிய முயற்சிகளில் இரண்டைச் சொல்லலாம். செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பின், ஜார்ஜ் மேசன் பல்கலைக்கழகத்தின் வரலாற்று மையமும் நியூயார்க் நகரப் பல்கலைக்கழகத்தின் சமூக வரலாற்றுத் திட்டமும் சேர்ந்து 2002இல் ஓர் இணையக் காப்பகம் தொடங்கின. மக்கள் தங்கள் நினைவுகளையும் படங்களையும் அந்த நாளில் எழுதிய, பெற்ற மின்னஞ்சல்களையும் அதில் சேர்த்தார்கள். 2003இல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் அந்தத் தொகுப்பை ஏற்றுக்கொண்டது. அடுத்தது 2007 மே மாதம் பிரிட்டிஷ் நூலகமும் மைக்ரோசாஃப்ட் நிறுவனமும் நடத்திய ‘ஈமெயில் பிரிட்டன்’. காதல், புகார், நகைச்சுவை, அன்றாடம் என்று வகை பிரித்து, உங்களிடம் உள்ள மின்னஞ்சல்களில் ஒன்றை எங்களுக்கு ஃபார்வர்டு செய்யுங்கள் என்று ஒரு மாதம் கேட்டார்கள். இரண்டையும் நான் மதிக்கிறேன். எழுத்தாளரோ அமைச்சரோ அல்லாத ஒருவரின் கடிதத்துக்கும் தேசிய நூலகத்தில் இடமுண்டு என்று சொன்னது சிறிய காரியமில்லை. ஆனால் ஆதாரம் என்ற அளவில் இந்த வழி பலவீனமானது.

ஏன் என்பதை ஒரு மின்னஞ்சலின் தலைப்பகுதியைத் திறந்து பார்த்தால் புரியும். சாதாரணமாக நம் கண்ணுக்குப் படாத பகுதி அது. வழியில் மடலை வாங்கிக் கடத்திய ஒவ்வொரு சர்வரும் தன் பெயரையும் நேரத்தையும் அதன் உச்சியில் ஒரு வரியாகச் சேர்த்துக்கொண்டே போகும். அதனால் பயணத்தை அறியக் கீழிருந்து மேலாகப் படிக்க வேண்டும். மடலுக்கென்று தனித்த ஓர் அடையாளக் குறி உண்டு. பதில் மடலாக இருந்தால், எந்த மடலுக்குப் பதில் என்பதைச் சுட்டும் குறியும் சேர்ந்திருக்கும். ஒரு சொல்கூடப் படிக்காமல், அந்தக் குறிகளை மட்டும் கோத்து ஓர் உரையாடல் முழுவதையும் அடுக்கிவிடலாம். இப்போது அதே மடலைக் காப்பகத்துக்கு ஃபார்வர்டு செய்யுங்கள். பழைய வழித்தடம் போய்விடும், அடையாளக் குறி போய்விடும், பதில் தொடர்பு அறுந்துவிடும். அனுப்பியவர் இடத்தில் கொடையாளரின் பெயரும், தேதியில் கொடுத்த நாளும் வந்து உட்காரும். முதலில் எழுதியவர் பெயரும் தேதியும் உடலுக்குள் வெறும் எழுத்தாகச் சுருங்கிவிடும். அதை யார் வேண்டுமானாலும் திருத்தியிருக்க முடியும். உறையோடு கடிதத்தைத் தராமல், அதைப் பார்த்துத் தன் கையால் எழுதிய படியைத் தருவது போன்றது இது. இணைப்பாக வைத்து அனுப்பினால் மூலம் கெடாமல் போய்ச் சேரும் என்பது உண்மைதான். அதைத் தெரிந்து செய்பவர்கள் குறைவு.

கணக்கை முழுதாக ஒப்படைத்தவர்களின் கதை வேறு. கவிஞர் வென்டி கோப்பின் ஆவணங்களை 2011இல் பிரிட்டிஷ் நூலகம் 32,000 பவுண்டுக்கு வாங்கியபோது சுமார் 40,000 மின்னஞ்சல்களும் கூடவே வந்தன. சூசன் சொன்டாக்கின் ஆவணங்களில் 17,198 மின்னஞ்சல்கள். கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலஸ் நூலகத்தில் ஆய்வாளர்கள் அவற்றைப் பார்க்கிறார்கள். ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் கவிஞர் ராபர்ட் கிரீலியின் மின்னஞ்சல் இருக்கிறது. கொடையோ விலையோ, இங்கே முக்கியம் முழுமை. கைமாற்றமும் கவனமாக நடக்க வேண்டிய வேலை. கணக்கிலிருந்து மடல்களை மொத்தமாக இறக்குவதற்கு எம்பாக்ஸ் என்ற பழைய கோப்பு வடிவம் பெரிதும் பயன்படுகிறது. அதில் எல்லா மடல்களும் ஒரே கோப்பில் வரிசையாக நிற்கும். ‘ஃப்ரம்’ என்ற ஆங்கிலச் சொல்லில் தொடங்கும் ஒரு வரிதான் புதிய மடலின் எல்லை. யாராவது தன் கடிதத்துக்குள்ளேயே ஒரு வரியை அந்தச் சொல்லில் தொடங்கினால், குழப்பம் வராமலிருக்க மென்பொருள் அதன் முன்னே ஓர் அம்புக்குறியைச் செருகிவிடும். அந்தக் குறி எழுதியவர் போட்டதா, மென்பொருள் போட்டதா என்று பிறகு எப்போதும் உறுதியாகச் சொல்ல முடியாது. கவிஞர் ஒருவரின் வரியில் இல்லாத குறி ஒன்று முளைப்பது பதிப்பாசிரியருக்கு அற்பமான விஷயமல்ல. அதனால்தான் கவனமான காப்பகங்கள், கிடைத்த கோப்பை முதலில் அப்படியே நகலெடுத்து, அதன் பைட்டுகளிலிருந்து கணக்கிட்ட சரிபார்ப்பு எண்ணைக் குறித்துவைத்துவிட்டு, மற்ற வேலைகளை நகலில் மட்டும் செய்கின்றன.

கணக்கை முழுதாகக் கொடுப்பதற்கு எழும் எதிர்ப்புகளில் மிக வலுவானது, மறுமுனையில் இருப்பவர்களைப் பற்றியது. கொடையாளர் சம்மதித்தார், அவருக்கு எழுதிய நூற்றுக்கணக்கானோர் சம்மதிக்கவில்லையே? நியாயமான கேள்வி. என்ரான் நிறுவனம் சரிந்தபின் அமெரிக்க எரிசக்தி ஒழுங்குமுறை ஆணையம் 2003இல் அதன் ஊழியர்களின் மின்னஞ்சலைப் பொதுவெளியில் போட்டது. ஆராய்ச்சிக்குப் பரவலாகப் பயன்படும் தொகுப்பில் மட்டும் சுமார் 150 பேரின் ஐந்து லட்சம் மடல்கள் இருக்கின்றன. குடும்பச் செய்திகளும் சொந்த விவரங்களும் அதில் கலந்திருந்தன. பாதிக்கப்பட்டவர்கள் கேட்டபின்தான் சில மடல்கள் நீக்கப்பட்டன. கணினி அறிவியலுக்கு அது பெரும் உதவி செய்தது, மறுக்கவில்லை. ஆனால் அங்கே கொடையுமில்லை, ஒப்பந்தமுமில்லை. கொடை முறையின் பலமே இந்த இடத்தில்தான். ஸ்டான்ஃபோர்ட் நூலகம் உருவாக்கி 2015இல் வெளியிட்ட ஈபேட் என்ற மென்பொருளைப் பாருங்கள். அதன் வேர், பழைய மின்னஞ்சலில் ஒருவர் தன் நினைவுகளைத் துழாவிப் பார்ப்பதற்காக சுதீந்திர ஹங்கல் அதே பல்கலைக்கழகத்தில் செய்த ஆய்வில் இருக்கிறது. கொடையாளரே அமர்ந்து தன் மடல்களைப் பார்த்து, இது வேண்டாம், இது இத்தனை ஆண்டுக்கு மூடியிருக்கட்டும் என்று குறிக்க அதில் இடமுண்டு. மருத்துவம், பணம் போன்ற விஷயங்களைச் சொற்பட்டியல் கொண்டு தேடிப் பிடிக்கலாம். இணையத்தில் பார்ப்பவருக்கு ஆட்களின் பெயர், ஊர்ப்பெயர் போன்றவை மட்டும் தெரியும், வாசகம் மறைந்திருக்கும். முழு மடலைப் படிக்க நூலகத்தின் வாசிப்பறைக்கு வர வேண்டும். மறுமுனையாளரின் சம்மதத்தை இது முழுதாக ஈடுசெய்யாது. தாள் கடிதங்களிலும் இந்தப் பிரச்சினை இருந்தது, அங்கும் காலம் கடத்தித் திறப்பதே மரபு. ஆனால் இன்னது தனிப்பட்டது என்று நமக்கு அறிவிக்கக்கூடிய ஒரே ஆள் கொடையாளர்தான். அவர் இருக்கும்போதே கேட்டுவிட வேண்டும்.

இவ்வளவு குப்பையை ஏன் சேர்க்க வேண்டும், நல்லதைப் பொறுக்கிக் கொடுத்தால் போதாதா என்பது அடுத்த கேள்வி. பொறுக்குவது யார் என்று திருப்பிக் கேட்க வேண்டியிருக்கிறது. நார்த்தும் பாயின்டெக்ஸ்டரும் செய்ததும் ஒருவகைப் பொறுக்கல்தான். நேர்மையான கொடையாளர்கூடத் தன் சண்டையையும் கடனையும் தயக்கத்தையும் ஒதுக்கிவிட்டுச் சாதனையை மட்டும் நீட்டுவார். விளம்பரத்தையும் எரிதத்தையும் மென்பொருளே வடிகட்டும். மீதியை ஆள் வைத்துப் பிரிப்பது, வைத்துக்கொள்வதைவிடச் செலவு. அமெரிக்க தேசிய ஆவணக்காப்பகம் 2013இல் இந்த முடிவுக்குத்தான் வந்தது: மடல் மடலாகத் தரம் பார்க்காமல், உயர்பதவியில் இருப்பவர்களின் கணக்கை மொத்தமாக நிரந்தரமாக வைக்கலாம் என்று அனுமதித்தது.

எல்லாம் நிறுவனங்களின் சர்வரில் பத்திரமாகத்தானே இருக்கிறது என்று நம்புபவர்களும் உண்டு. 2004இல் இராக்கில் இறந்த ஓர் அமெரிக்கப் படைவீரரின் மின்னஞ்சலைப் பெற்றோர் கேட்டபோது, கணக்கு இறந்தவரோடு முடிந்தது என்ற தன் விதியைக் காட்டி யாஹூ மறுத்தது. 2005இல் மிஷிகன் நீதிமன்றம் உத்தரவிட்ட பிறகுதான் அவர்கள் கைக்கு அது வந்தது. இரண்டு ஆண்டுகள் பயன்படுத்தாத தனிநபர் கணக்குகளை அழிக்கலாம் என்று 2023இல் கூகுள் தன் விதியை மாற்றியது. ஆள் போனபின் பாஸ்வேர்டைத் தேடி அலையும் குடும்பத்துக்கு இரண்டு ஆண்டு பெரிய அவகாசமில்லை.

தமிழில் எழுதிய மின்னஞ்சலுக்கு இதில் கூடுதல் ஆபத்து இருக்கிறது. யூனிகோடு பரவுவதற்கு முன், 1990களிலும் 2000களின் தொடக்கத்திலும் நாம் முரசு அஞ்சல், மயிலை, டிஸ்கி என்று பல எழுத்துருக் குறியாக்கங்களில் எழுதினோம். உலகெங்கும் சிதறியிருந்த தன்னார்வலர்கள் 1998இல் மதுரைத் திட்டத்தைத் தொடங்கிப் பழந்தமிழ் நூல்களை மின்வடிவாக்கியது அந்தக் காலத்தில்தான். அன்றைய தமிழ் மடல் பலவற்றில் எந்தக் குறியாக்கம் என்ற தகவல் தலைப்பகுதியில் தவறாகவோ பொதுப்படையாகவோ இருக்கும். பொருத்தமான எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் தலையில் கோடும் புள்ளியும் போட்ட லத்தீன் எழுத்துகளாகத் தெரியும். மூல பைட்டுகள் அப்படியே இருந்தால் பயமில்லை. எந்தக் குறியாக்கம் என்று கண்டுபிடித்து இன்றைய யூனிகோடுக்கு மாற்றிவிடலாம். அந்த அலங்கோலத்தையே தாளில் அச்சிட்டு வைத்திருந்தாலோ, இன்னொரு மென்பொருள் வழியாக ஃபார்வர்டு செய்து சில எழுத்துகள் கேள்விக்குறியாக மாறியிருந்தாலோ, இழந்தது இழந்ததுதான். தமிழ்க் கணிமையை உருவாக்கியவர்களிடம் அந்தக் கால மடல்கள் பழைய ஹார்ட் டிஸ்கில் இருக்குமானால், அவற்றைத் திறந்து ‘சரிசெய்யாமல்’ அப்படியே நகலெடுத்துக் கொடுப்பதே தமிழுக்குச் செய்யும் உதவி.

முழுக் கணக்கு வந்துவிட்டால் எல்லாம் வந்துவிட்டது என்றும் நான் சொல்லவில்லை. முன்பு மடலோடு கோப்பை இணைத்து அனுப்பினோம். எம்பாக்ஸில் அது உள்ளேயே இருக்கும். இப்போது பலரும் கூகுள் டிரைவிலோ வேறெங்கோ இருக்கும் ஆவணத்துக்கு ஒரு சுட்டியை மட்டும் அனுப்புகிறார்கள். கணக்கை இறக்கினால் சுட்டி வரும், ஆவணம் வராது. இதற்கு மென்பொருள் தீர்வுகள் இன்னும் அரைகுறைதான். இன்றைக்குச் செய்யக்கூடியது, கைமாற்றத்தின்போதே கொடையாளரின் அனுமதியோடு, கணக்கும் பாஸ்வேர்டும் வேலை செய்யும் நாளிலேயே, அந்தச் சுட்டிகளைத் திறந்து அவை காட்டும் ஆவணங்களையும் இறக்கி, எது எந்த மடலுக்குரியது என்று குறித்துச் சேர்ப்பது. கொடை ஒப்பந்தத்தில் இதற்கென்று ஒரு பத்தி இப்போதே எழுதப்பட வேண்டும்.