கதவுக்குக் கட்டளையிடுவோர்

திறவுகோல் என்பது தன் பொருளைத் தானே கூறி நிற்கும் தமிழ்ச்சொல். பண்டை எகிப்தில் வழங்கிய மரப்பூட்டின் சாவி உண்மையிலேயே ஒரு கோல்தான். அதன் முனையில் நட்டிருந்த சிறு முளைகள் தாழினுள் இறங்கி நின்ற மர ஊசிகளை மேலே தூக்க, தாழ் நகர்ந்து கதவு திறந்தது. இன்று பேச்சில் பெருவழக்காகிவிட்ட 'சாவி'யோ போர்த்துக்கீசியர் நமக்கு விட்டுச் சென்ற சொல். மலாய்மொழியின் 'குன்ச்சி' வடமொழி வழி வந்தது. பெயர் எதுவாயினும், கையில் பிடிக்கத்தக்க ஒரு பொருளையே இம்மூன்றும் குறித்தன.

அந்நிலை மாறிவிட்டது. அலுவலகத்திலும் விடுதியிலும் அடுக்குமாடி வீட்டின் மின்தூக்கியிலும் கதவைத் திறப்பது ஓர் எண்ணே. அந்த எண்ணை அட்டை சுமக்கிறது. சுவரில் பதிந்துள்ள அட்டை வாசிப்பான் அதனைப் படித்துச் சொல்கிறது. எந்த அட்டையை மதிக்க வேண்டும், எதனைப் புறக்கணிக்க வேண்டும், எப்பொழுது பச்சை விளக்கை எரிக்க வேண்டும் என அந்த வாசிப்பானுக்கு ஒருவர் முன்கூட்டியே கற்பித்திருக்க வேண்டும். அவ்வாறு கற்பிக்கும் உரிமை யாரிடம் இருந்தது, அது எவ்வாறு காக்கப்பட்டது என்பதே பூட்டின் அண்மைக்கால வரலாறு. அவ்வரலாற்றின் வேரைக் காணப் பத்தொன்பதாம் நூற்றாண்டு இலண்டனுக்குச் செல்ல வேண்டும்.

ஜோசப் பிராமா என்னும் ஆங்கிலேயத் தொழில் வல்லுநர் 1784இல் ஒரு பூட்டுக்குக் காப்புரிமை பெற்றார். அதன் உறுதியில் அவருக்கிருந்த நம்பிக்கை பெரிது. சாவியின்றி இதனைத் திறக்கும் கருவியைச் செய்பவருக்கு 200 கினி பரிசு என்று எழுதி, இலண்டன் பிக்காடிலி வீதியிலிருந்த தம் கடையின் கண்ணாடிச் சாளரத்தில் அப்பூட்டை வைத்தார். அறைகூவல் அரை நூற்றாண்டுக்கு மேல் அங்கேயே கிடந்தது, பிராமாவும் மறைந்தார். 1851இல் இலண்டன் மாபெரும் பொருட்காட்சிக்கு அமெரிக்காவிலிருந்து வந்த ஆல்ஃபிரட் சார்லஸ் ஹாப்ஸ் என்பவர், முதலில் 'சப்' நிறுவனத்தாரின் புகழ்பெற்ற பூட்டை ஏறத்தாழ 25 நிமிடங்களில் திறந்து காட்டினார். தவறான கருவி நுழைந்தால் சிக்கிக்கொண்டு உரிமையாளருக்கு அதனைக் காட்டிக்கொடுக்கும் சிறப்பு அப்பூட்டுக்கு உண்டு. அந்தக் காட்டிக்கொடுக்கும் உறுப்பையே ஹாப்ஸ் தமக்கு வழிகாட்டியாக்கிக்கொண்டார் என்பதுதான் வேடிக்கை! பின்னர்ப் பிராமாவின் பூட்டை எடுத்துக்கொண்டு, பதினாறு நாள்களில் ஏறத்தாழ 51 மணி நேரம் உழைத்து அதனையும் திறந்தார்.

இங்கிலாந்தில் எழுந்த சலசலப்பு சிறிதன்று. பூட்டின் குறையைப் பலரறியச் சொன்னால் திருடருக்கு அது பாடமாகிவிடாதா எனப் பலர் கேட்டனர். திருடர் தம் தொழிலைப் பிறர் கற்பிக்குமுன்பே கற்றுத் தேர்ந்தவர், குறையை அறியாதிருப்போர் பூட்டை விலைகொடுத்து வாங்கும் நல்லவர்களே என்பது ஹாப்ஸ் தரப்பின் விடை. 1853இல் வெளிவந்த அவருடைய நூலிலும் இக்கருத்து வலியுறுத்தப்பட்டது.

முப்பது ஆண்டுகள் கழித்து இதே கருத்துக்கு இலக்கண வடிவம் தந்தவர் ஒரு மொழியாசிரியர் என்பது தமிழாசிரியர்கள் மகிழத்தக்க செய்தி. நெதர்லாந்தில் பிறந்து பாரிசு நகரில் செருமன் மொழி கற்பித்த ஒகுஸ்த் கெர்க்கோஃப்ஸ், 1883இல் இராணுவ மறைகுறி எழுத்தைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். மறைகுறி முறை முழுவதும் பகைவர் கையில் சிக்கினாலும் தீங்கு நேரக்கூடாது; இரகசியமாக இருக்கவேண்டியது எளிதில் மாற்றத்தக்க சாவி ஒன்றே என்பது அவர் வகுத்த நெறிகளுள் தலையாயது. பூட்டின் அமைப்பை மறைத்து வைப்பதால் வரும் காவல், அமைப்பு வெளிப்படும் நாள்வரைதான் நிற்கும். கெர்க்கோஃப்சின் இந்நெறியை ஏட்டில் ஒப்புக்கொள்ளாத பூட்டு நிறுவனம் இல்லை; கடைப்பிடித்தவை சிலவே.

இரும்புச் சாவியை ஒழித்த பெருமை 1970களைச் சாரும். நார்வே நாட்டினரான டோர் சோர்னெஸ், துளையிட்ட அட்டையால் திறக்கும் விடுதிப் பூட்டைக் கண்டார். அட்டையில் துளைக்குரிய இடங்கள் 32. ஒவ்வோர் இடத்திலும் துளை இருக்கலாம், இல்லாதிருக்கலாம் என்பதால் 429 கோடி வேறுபாடுகள் பிறக்கும். புதிய விருந்தினரின் அட்டை நுழைந்தவுடன் பூட்டு பழைய அட்டையை மறந்துவிடும். முந்தைய விருந்தினர் சாவியைத் திருப்பித் தராமற் சென்றுவிட்டாரே என்ற கவலை விடுதிக்காரருக்கு அன்றோடு தீர்ந்தது. அமெரிக்கரான சார்லஸ் வால்டன், வானொலி அலை வழியே தொடாமலே கதவைத் திறக்கும் அட்டைக்கு 1973இல் காப்புரிமை பெற்றார். ஜான் வீகண்ட் என்பவர் கண்டறிந்த தனித்தன்மை வாய்ந்த காந்தக் கம்பி, அதே பத்தாண்டில் அட்டைகளுக்குள் புகுந்தது.

வீகண்ட் கம்பி பதித்த அட்டைகள் அருகிவிட்டன. ஆயினும் அவர் பெயர் தாங்கிய செய்தி முறை பல்லாயிரம் சுவர்களுக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது. இரண்டு கம்பிகள், ஒன்றில் துடிப்பு வந்தால் சுழியம், மற்றதில் வந்தால் ஒன்று. வாசிப்பான் அட்டையின் எண்ணை இவ்வாறு 26 துடிப்புகளாகக் கட்டுப்பாட்டுப் பெட்டிக்கு அனுப்பும். அவற்றுள் 8 நிறுவனத்தின் அடையாளம், 16 அட்டையின் எண், முதலும் இறுதியும் பிழை பார்ப்பதற்கு. ஆகவே ஒரு நிறுவன அடையாளத்தின்கீழ் 65,536 அட்டைகளுக்குமேல் எண் கிடையாது. செய்திக்கு எவ்வகை மறைப்பும் இல்லை. வாசிப்பானைச் சுவரிலிருந்து கழற்றிக் கம்பியில் ஒரு சிறு கருவியைப் பொருத்துவோர், கடந்து செல்லும் எண்களைக் குறித்துக்கொண்டு பின்னர் அவற்றையே திருப்பி அனுப்பலாம்.

இம்முறையின் மற்றொரு குறை அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. செய்தி வாசிப்பானிலிருந்து பெட்டிக்குச் செல்லும். பெட்டியிலிருந்து வாசிப்பானுக்கு வாராது. விளக்கை எரி, ஒலி எழுப்பு என்ற அளவில் தனிக்கம்பிகள் உண்டேயன்றி, உன் மறையெண்ணை மாற்றிக்கொள், இவ்வகை அட்டையை இனி ஏற்காதே என மேலிடம் கட்டளையிட வழியில்லை. ஊமைக்குக் காது கேளாதது போல, வாயுள்ள இக்கருவிக்குக் காதில்லாமற் போயிற்று. எனவே கற்பிக்க வேண்டியவர் ஒவ்வொரு கதவுக்கும் நேரில் நடந்தாக வேண்டியிருந்தது. சிலவற்றில் பின்புறச் சிறு விசைகளைத் தள்ளி வைத்தனர். பின்னாளில் 'அமைப்பு அட்டை' வந்தது. வாசிப்பானுக்குச் செல்லும் மின்சாரத்தை நிறுத்தி மீண்டும் தந்து, சில நொடிகளுக்குள் அந்த அட்டையைக் காட்டினால் கருவி புதிய பாடத்தை ஏற்கும். நூறு கதவுள்ள மருத்துவமனையில் நூறு முறை மின்சாரத்தை நிறுத்திக் காட்டும் வேலை எத்தகையது என்பதை விளக்க வேண்டியதில்லை.

கற்பிக்கும் வாயிலைக் காவாது விட்டதன் விளைவை 2012ஆம் ஆண்டு உலகம் கண்டது. ஓனிட்டி என்னும் நிறுவனத்தின் விடுதிப் பூட்டுகள் பல நாடுகளில் 40 இலட்சத்துக்கும் மேல் இருந்ததாகக் கணக்கிடப்பட்டது. பூட்டின் அடிப்பகுதியில் ஒரு சிறு துளை. விடுதி ஊழியர் தம் கைக்கருவியை அதில் செருகிப் பூட்டுக்கு வேண்டிய அமைப்பைத் தருவர். துளையில் செருகப்பட்ட கருவி யாருடையது என்று பூட்டு ஒருபோதும் கேட்டதில்லை. கேட்டவருக்கெல்லாம் தன் நினைவில் உள்ளதை ஒப்பித்தது. கோடி புரோசியஸ் என்னும் இளைஞர், ஐம்பது டாலருக்குள் அடங்கும் உதிரிப்பொருள்களால் ஒரு கருவி செய்து, விடுதிக்குரிய இரகசிய எண்ணைப் பூட்டிடமே கேட்டறிந்து, அதனைக்கொண்டே அப்பூட்டைத் திறந்தார். அவ்வாண்டு ஜூலையில் அமெரிக்காவின் லாஸ் வேகாஸ் மாநாட்டில் இதனை அறிவித்தார். சில திங்களுக்குள் ஹியூஸ்டன் நகர விடுதி அறைகளில் இவ்வழியே திருட்டு நிகழ்ந்தது. துளையை அடைக்கும் மூடியை நிறுவனம் இலவசமாகத் தந்தது. உள்ளிருக்கும் மின்பலகையை மாற்றுவதற்குத் தொடக்கத்தில் விடுதிகளிடம் பணம் கேட்டது.  ஆசிரியர் நுழையும் புறவாயில்தான் தாழிடப்படாமற் கிடந்தது.

இதற்குச் சில ஆண்டுகள் முன் அட்டையின் இரகசியமும் கலைந்தது. 1994இல் வந்த மைஃபேர் கிளாசிக் அட்டை, நகரப் போக்குவரத்திலும் கட்டட வாயில்களிலும் உலகெங்கும் பரவியிருந்தது. அதன் மறைகுறி முறையைச் செய்தவர் வெளியிடவில்லை. மறையெண்ணின் நீளமோ 48 துகள்களே. 2007 டிசம்பரில் கார்ஸ்டன் நோல், ஹென்ரிக் பிளோட்ஸ் ஆகிய இருவரும் சில்லின் உள்ளமைப்பைப் படலம் படலமாக உரித்துப் படமெடுத்து ஆராய்ந்ததைப் பெர்லினில் விளக்கினர். அடுத்த ஆண்டு நெதர்லாந்தின் ராட்பவுட் பல்கலைக்கழகத்தார் முறை முழுவதையும் வெளிப்படுத்தத் துணிந்தபோது, சில்லு செய்த நிறுவனம் தடை வேண்டி வழக்குத் தொடுத்தது. 2008 ஜூலையில் ஆர்ன்ஹெம் நீதிமன்றம் தடை விதிக்க மறுத்தது. நிறுவனத்துக்கு நேரும் இழப்பு கட்டுரையால் விளைவதன்று, குறையுள்ள சில்லைச் செய்து விற்றதால் விளைவது என்பது தீர்ப்பின் கருத்து. ஹாப்ஸ் கூறிய விடை கெர்க்கோஃப்ஸ் பிறந்த நாட்டின் நீதிமன்றத்தில் மீண்டும் ஒலித்தது.

மற்றொரு செய்தியும் அப்போது பரவலாக அறியப்பட்டது. அட்டைகள் தொழிற்சாலையிலிருந்து வரும்போது எல்லாருக்கும் தெரிந்த ஒரே மறையெண்ணோடு வரும். வாங்கியவர் அதனைத் தமக்குரியதாக மாற்றிக்கொள்ள வேண்டும். மாற்றாது விட்டோர் பலர். புதுவீட்டுக் கதவில் தச்சன் சாவியைத் தொங்கவிட்டுச் செல்ல, அதனை எடுக்காமலே குடியேறியவர் நிலை அது.

இத்தகைய பட்டறிவுக்குப் பின்னரே 2010களில் வாசிப்பானுக்குள் 'புளூடூத்' குடியேறியது. கைத்தொலைபேசியையே அட்டையாக்குவது அதன் முதல் நோக்கம். ஆயின் காதில்லாத கருவிக்குக் காது கிடைத்ததே அதன் பெரும்பயன். சுவருக்குள் ஓடும் பழைய கம்பியை மாற்றாமலே, கதவின்முன் நின்று கைத்தொலைபேசிச் செயலி வழியே வாசிப்பானோடு இருவழியிலும் உரையாடலாம். அருகிலுள்ள வாசிப்பான்களைச் செயலி பட்டியலிடும். தொழில்நுட்பர் ஒன்றைத் தேர்ந்து, அதன் உள்நிரல் எப்பதிப்பு எனப் பார்த்து, பழையதாயின் புதுப்பிப்பார். ஏற்கத்தக்க அட்டை வகைகள், விளக்கின் நிறம், ஒலி, தொலைபேசியை எவ்வளவு நெருக்கத்தில் காட்டவேண்டும் என்னும் அளவு ஆகியவற்றை அமைத்து, அவ்வமைப்பை ஒரு மாதிரியாகச் சேமித்து அடுத்த கதவுக்கும் இடுவார். மின்சாரத்தை நிறுத்த வேண்டியதில்லை. சுவரைத் தொட வேண்டியதுமில்லை.

ஓனிட்டியின் துளையில் இல்லாத ஒன்று இங்கு உண்டு. வாசிப்பான் தன்னோடு பேசுபவர் யாரென்று கேட்கும். தொழில்நுட்பர் தம் பெயரைப் பதிந்து, கட்டட உரிமையாளரின் இசைவைப் பெற்ற பின்னரே, கட்டளையிடுவதற்குரிய மறையெண் அவர் தொலைபேசிக்கு வந்து சேரும். அவர் வேலையை விட்டு விலகினால் அவ்விசைவை அலுவலகத்திலிருந்தே நீக்கலாம். காணாமற்போன அமைப்பு அட்டையைத் தேடி அலையும் தொல்லை இல்லை. உரிமையாளர் பொறுப்பின்றி இருந்தாலோ நிலைமை வேறு. ஒப்பந்தக்காரர் தம் பெயரிலேயே யாவற்றையும் பதிந்துகொண்டு போய்விட்டால், கட்டடம் ஒருவருடையது, கதவுகளின் கீழ்ப்படிதல் வேறொருவருக்கு என்றாகிவிடும்.

செயலியில் ஒரு விரல் தொடுதலில் முடியும் சிறு வேலை ஒன்று அடிக்கடி விடுபடுகிறது. பழைய அட்டையிலிருந்து புதியதற்கு மாறும் காலத்தில் வாசிப்பான் இரண்டையும் படிக்குமாறு அமைக்கப்படும். பழைய 125 கிலோஹெர்ட்ஸ் அட்டையோ, கேட்டவர்க்கெல்லாம் தன் எண்ணைச் சொல்லிவிடும். படியெடுப்பது மிக எளிது. ஊழியர் அனைவரும் புதிய அட்டைக்கு மாறிய பின்னும் பழையதைப் படிக்கும் வழியை அடைக்காது விட்டால், உயர்ந்த விலைகொடுத்து வாங்கிய வாசிப்பான் பழைய வாசிப்பானின் வலிமையையே உடையதாகும். வீகண்ட் முறைக்கு மாற்றாக 2011 முதல் வழங்கிவரும் 'ஓஎஸ்டிபி' என்னும் இருவழிச் செய்தி முறையிலும் இத்தகைய இடர் உண்டு. 2020இல் பன்னாட்டுத் தரமாக ஏற்கப்பட்ட அம்முறை, கம்பியில் செல்லும் செய்தியை மறைகுறியாக்க வல்லது. ஆயினும் பொருத்தும் வேலைக்கென யாவரும் அறிந்த ஒரு தொடக்க மறையெண் அதற்கு உண்டு. வேலை முடிந்ததும் அதனை மாற்ற வேண்டும் என்பது விதி.

2024 மார்ச்சில் சாஃப்லாக் என்னும் விடுதிப் பூட்டுகளைப் பற்றி ஆராய்ச்சியாளர் சிலர் ஓர் அறிக்கை வெளியிட்டனர். 131 நாடுகளில் 30 இலட்சம் கதவுகளுக்கு மேல் இவ்வகைப் பூட்டுகள் இருந்தன. அவற்றின் அட்டை, பதினாறு ஆண்டுகளுக்கு முன் நெதர்லாந்தில் வழக்குக்குள்ளான அதே மைஃபேர் கிளாசிக். விடுதியின் ஏதேனும் ஓர் அறைக்குரிய அட்டை கிடைத்தால், அதிலிருந்து இரண்டு அட்டைகளைப் படைத்து, ஒன்றன்பின் ஒன்றாகக் காட்டி எந்த அறையையும் திறக்கலாம். ஆராய்ச்சியாளர் 2022 செப்டம்பரிலேயே நிறுவனத்துக்கு அறிவித்துவிட்டு, முழு வழிமுறையை வெளியிடாமல் காத்திருந்தனர். பூட்டு ஒவ்வொன்றையும் நேரில் சென்று புதுப்பிக்க வேண்டும். சிலவற்றை மாற்றவே வேண்டும். அட்டைகள் யாவும் புதிதாக வழங்கப்பட வேண்டும். அட்டையில் எழுதும் கருவியும் வரவேற்பு மேசையின் நிரலும் மாற வேண்டும். அறிக்கை வெளியான மார்ச்சு மாதத்தில், இவ்வேலை முடிந்திருந்த பூட்டுகள் 36 விழுக்காடு.