பெருங்குடல் மேல் போட்ட பழி

1882. இத்தாலியின் மெஸ்ஸினா நகரம். மெச்னிகாஃப் என்கிற ரஷ்ய விஞ்ஞானி, கண்ணாடி மாதிரி இருக்கும் நட்சத்திர மீன் குஞ்சுக்குள் ஒரு ரோஜா முள்ளைச் செருகினார். ராத்திரி பூரா மனுஷருக்குத் தூக்கமில்லை. விடிந்து பார்த்தால், முள்ளைச் சுற்றி செல்கள் முற்றுகை! அந்நியனை வளைத்து விழுங்கும் படை உடம்பிலேயே இருக்கிறது என்றார். 1908-ல் நோபல் பரிசு, பால் எர்லிஹ்கோடு பங்கு போட்டு.

அதே ஆசாமிக்குப் பெருங்குடல் என்றால் மட்டும் ஆகாது. அங்கே குடியிருக்கும் பாக்டீரியாக்கள் கக்கும் விஷத்தால்தான் கிழட்டுத்தனம் வருகிறதாம். மருந்து? புளித்த பால். அதுவாவது பரவாயில்லை. லண்டனில் ஆர்பத்நாட் லேன் என்ற சர்ஜன், மலச்சிக்கல் என்று வந்தவர்களின் பெருங்குடலையே வெட்டி எடுத்தார். சிலர் பிழைக்கவில்லை.

படையைப் பழக்கும் வாத்தியார்களே அந்தக் குடல்வாசிகள்தான் என்பது யாருக்குத் தெரியும்? கிருமியே படாமல் வளர்த்த எலிகளைப் பார்த்தபோதுதான் சந்தேகம் வந்தது. அவற்றின் எதிர்ப்புச் சக்தி சவலையாக இருந்தது. 2005-ல் ஹார்வர்டில் மஸ்மானியன், காஸ்பர் குழுவினர் அந்த எலிகளுக்கு பாக்டீராய்டஸ் ஃப்ராஜிலிஸ் என்ற ஒரே ஒரு பெருங்குடல்வாசியைக் கொடுத்தார்கள். குறைந்து கிடந்த டி செல்கள் தேறிவிட்டன! காரணம், அந்த பாக்டீரியா போர்த்தியிருக்கும் ஒரு சர்க்கரைச் சங்கிலி. அதைத் தயாரிக்கத் தெரியாத பாக்டீரியாவைக் கொடுத்தபோது எலிகள் தேறவில்லை.