பொன்வண்டும் வெள்ளைக் கொக்கும்

ஆண்டிபட்டிப் பக்கத்துப் பையன்களுக்கு மழைக்காலம் என்றால் பொன்வண்டு. உசிலையிலும் வேல மரத்திலும் தேடிப் பிடித்து, தீப்பெட்டிக்குள் தழை போட்டு வளர்ப்பார்கள். வண்டு முட்டை இட்டுவிட்டால் அன்று அதை வளர்த்தவன்தான் ஊர்ப் பெரிய மனிதன்!

அந்த வண்டின் பச்சைச் சிறகு ஒரு காலத்தில் கப்பலேறியது. சாயமில்லை, சிறகின் அமைப்பே ஒளியைப் பிரித்துக் காட்டும் நிறம் என்பதால் வெளுப்பதில்லை. 19ஆம் நூற்றாண்டில் மஸ்லின் துணியில் ஜரிகையோடு வண்டுச் சிறகையும் வைத்துத் தைத்து இந்தியாவிலிருந்து சீமைச் சீமாட்டிகளுக்கு அனுப்பினார்கள். 1888இல் லண்டன் மேடையில் லேடி மக்பெத்தாக நின்ற நடிகை எலன் டெர்ரியின் உடையிலும் இதே மினுக்கம்தான்.

அதே சீமாட்டிகளின் தொப்பிக்குக் கொக்கின் இறகு போனது. இனப்பெருக்கக் காலத்தில் மட்டும் முளைக்கும் மெல்லிய இறகு அது. கூட்டிலேயே தாயைக் கொன்றதால் குஞ்சுகளும் பட்டினியில் செத்தன. எதிர்ப்பு கிளம்பி, 1902இல் இந்திய அரசு பறவை இறகு ஏற்றுமதியைத் தடைசெய்தது. வண்டுக்காக யாரும் தொண்டை வறளக் கத்தவில்லை.

கொக்குக்கு இன்னொரு யோகமும் அடித்தது. 1895இல் முல்லைப் பெரியாறு அணை முடிந்து பக்கத்துக் கம்பம் பள்ளத்தாக்கு இருபோக வயலானது; உழவு மாட்டின் பின்னால், இப்போது டிராக்டரின் பின்னால், அது புழு பொறுக்குகிறது. பொன்வண்டின் புழுவோ மண்ணுக்குள் வேரைத் தின்று வளர்வது. புதர்க்காட்டை அழித்து உழும் டிராக்டர் அதற்கு எமன்.