கைப்பழக்கம்

திறமை என்ற சொல்லை நாம் சோம்பலாகவே பயன்படுத்தி வருகிறோம். ஒருவனிடம் அது இருக்கிறது அல்லது இல்லை என்று சொல்லிவிட்டால் விமர்சனத்தின் வேலை முடிந்துவிடுகிறது. இதற்கு எதிர்ப்புறத்தில் இன்னொரு சோம்பல்: திரும்பத் திரும்பச் செய்தால் எதுவும் கைவந்துவிடும் என்பது. ஔவையின் பெயரில் வழங்கும் தனிப்பாடல் ஒன்று சித்திரத்தையும் செந்தமிழையும் பழக்கத்தின் கணக்கில் சேர்த்துவிட்டு, நட்பு, தயை, கொடை இவற்றை மட்டும் பிறவிக்கு ஒதுக்குகிறது. பழக்கம் எப்போது தேர்ச்சியாகிறது, எப்போது வெறும் தேய்மானமாகிறது என்று அது கேட்கவில்லை. அதன் காலத்துக்கு அந்தக் கேள்வி தேவைப்பட்டிருக்காது. ஸ்ரீபெரும்புதூருக்கும் ஒரகடத்துக்கும் இடையே ஒரே அசைவை நாள் முழுவதும் செய்யும் ஆயிரக்கணக்கான கைகள் இருக்கும் இன்று அது தேவைப்படுகிறது.

1

தொழிற்சாலைகளுக்கு முந்திய கைகளிலிருந்து தொடங்கலாம். அவை அதிக தூரத்தில் இல்லை; காஞ்சிபுரத்தில் இருக்கின்றன.

காஞ்சிப் பட்டில் உடலுக்கு ஒரு நிறமும் கரைக்கு வேறொரு நிறமும் வருவது கோர்வை முறையால். உடலுக்கு ஒரு நாடா, இரு கரைகளுக்கும் ஒவ்வொன்று என மூன்று நாடாக்கள் ஓடும். தறிக்குழியில் கால் வைத்து உட்கார்ந்திருக்கும் நெசவாளர் தனியாக இதைச் செய்ய முடியாது. மறுபக்கத்துக் கரை நாடாவை வீச இன்னொருவர் வேண்டும். அந்த இன்னொருவர் பல காலம் ஒரு சிறுவனாகவோ சிறுமியாகவோதான் இருந்தார்.

பயிற்சி என்ற அளவில் மட்டும் பார்த்தால் இது அபாரமான ஏற்பாடு. குழந்தையின் கையில் இருப்பது கரை மட்டும். ஆனால் கண்முன்னால் நடப்பது முழுச் சேலை. வீச்சு பிசகினால் கரையும் உடலும் கோர்த்துக்கொள்ளாது. தவறு அங்கேயே, அப்போதே, துணியிலேயே தெரிந்துவிடும். திருத்துபவர் ஒரு கை தூரத்தில் இருக்கிறார். கரையிலிருந்து உடலுக்கு, உடலிலிருந்து முந்தானையை வேறு நிறப் பாவோடு இணைக்கும் பேட்னிக்கு என்று வேலை படிப்படியாகக் கடினமாகிக்கொண்டே போகிறது.

ஆனால் இதைப் பொற்காலமாக்கிவிடக் கூடாது. பெற்றோர் வாங்கிய முன்பணத்துக்காகத் தறியோடு கட்டப்பட்ட குழந்தைகள் அவர்களில் ஏராளம். குழந்தைத் தொழிலாளர் சட்டம் 1986-இல் வந்தது. அதன் பிறகும், 1990-களிலும் 2000-த்தின் தொடக்கத்திலும், காஞ்சிபுரத் தறிகளில் குழந்தைகள் கொத்தடிமைகளாக இருந்ததை மனித உரிமை அறிக்கைகள் பதிவு செய்தன. ஒரு வித்தை அழகானது என்பதால் அதைக் கற்பித்த விதம் நியாயமாகிவிடாது. தறிக்குழியிலிருந்து எழுந்து கம்பெனி பஸ்ஸில் ஏறிய நெசவாளர் பிள்ளைகளைப் பார்த்து, மரபு அழிகிறதே என்று அங்கலாய்க்க நமக்கு உரிமையில்லை. அவர்கள் செய்தது சரி. போன இடத்தில் அவர்கள் கைக்கு என்ன கிடைத்தது என்பதுதான் விஷயம்.

2

1897-இலும் 1899-இலும் அமெரிக்காவின் இண்டியானாவைச் சேர்ந்த பிரையன், ஹார்ட்டர் என்ற இருவர் தந்தி ஊழியர்களைப் பற்றி இரண்டு ஆராய்ச்சிக் கட்டுரைகளை வெளியிட்டனர். தந்தி வாங்கக் கற்பவன் முதலில் தனித்தனி எழுத்தாகக் கேட்கிறான். பிறகு சொல்லாக, அதன்பின் சொற்றொடராகக் கேட்கத் தொடங்குகிறான். ஆனால் இந்த ஏற்றம் சீராக இல்லை. நடுவில் மாதக்கணக்கில் சமதளமாக நின்றுவிடுகிறது. அன்றாட வேலைக்குப் போதுமான வேகத்தில் ஆண்டுக்கணக்காக நின்றுவிட்டவர்களும் உண்டு. தினமும் அதே வேலையைச் செய்தும் அவர்கள் வளரவில்லை. வேண்டுமென்றே தன்னை நெருக்கிக்கொண்டவனே அடுத்த தளத்துக்கு ஏறினான்.

வங்கியில் நோட்டு எண்ணும் விரல்களுக்கும் இதுதான் கதி. ஓராண்டில் ஒரு வேகம் வருகிறது. வரிசையில் நிற்பவர்களுக்கு அது போதும். இருபதாண்டுகள் கழித்தும் அதே வேகம்தான்.

1993-இல் எரிக்சனும் அவருடைய சகாக்களும் பெர்லின் இசைக் கல்லூரியின் வயலின் மாணவர்களைப் பற்றி எழுதிய கட்டுரை இதை மேலும் துலக்கியது. அதிலிருந்து பத்தாயிரம் மணி நேரம் என்ற எண்ணை மட்டும் உருவி எடுத்து உலகம் கோஷமாக்கிவிட்டது. கட்டுரையின் சாரம் வேறு. வேலை, விளையாட்டு, பயிற்சி மூன்றையும் அது பிரித்துப் பேசுகிறது. வேலையில் இருப்பவன் தவறு செய்ய முடியாது. எனவே ஏற்கெனவே தெரிந்ததையே செய்கிறான். பயிற்சியில் இருப்பவன் தெரியாததன் விளிம்பில் நின்று, தவறி, திருத்தப்பட்டு, மறுபடி செய்கிறான். அதற்கு வேண்டிய கவனம் ஒரு நாளில் சில மணி நேரத்துக்கு மேல் தாக்குப்பிடிக்காது. ஆக, எட்டு மணி நேர ஷிப்டு என்பது இலக்கணப்படியே பயிற்சி அல்ல.

3

நோக்கியாவின் ஸ்ரீபெரும்புதூர்த் தொழிற்சாலை 2006 ஜனவரியில் உற்பத்தியைத் தொடங்கியது. உச்சத்தில் சுமார் 8,000 பேர் நேரடியாக வேலை பார்த்தனர். பெரும்பாலோர் சுற்றுப்புற மாவட்டக் கிராமங்களிலிருந்து வந்த இளம் பெண்கள். பலர் தங்கள் குடும்பத்தில் மாதச் சம்பளம் வாங்கிய முதல் பெண்கள். அந்தச் சம்பளத்தை இளக்காரமாகப் பேசுவது நம்மைப் போன்ற எழுதுகிறவர்களுக்கு மட்டுமே கட்டுப்படியாகும் ஆடம்பரம்.

வரிவிதிப்புத் தகராறு 2013-இல் வெடித்தது. 2014 ஏப்ரலில் நோக்கியாவின் கைபேசித் தொழில் மைக்ரோசாப்ட் கைக்கு மாறியபோது இந்தத் தொழிற்சாலை மட்டும் அதில் சேர்க்கப்படவில்லை. ஆயிரக்கணக்கானோர் விருப்ப ஓய்வு பெற்றார்கள். இருபதுகளின் நடுவில் இருப்பவர்களுக்கு ஓய்வு! 2014 நவம்பர் 1 அன்று ஆலை மூடப்பட்டது.

எட்டாண்டுகள் என்பது சாதாரணமல்ல. ஒரு தச்சனோ தவில்காரனோ எட்டாண்டில் தனியாக நிற்கத் தொடங்கிவிடுவான். இந்தப் பெண்களிடமும் விரல் நுட்பம், வேகம், கூர்ந்த பார்வை எல்லாம் சேர்ந்திருந்தன. ஆனால் அவை அந்த வரிசையின் அந்த ஓர் இடத்துக்கு வெட்டப்பட்ட சாவிகள். பூட்டு போனதும் சாவிக்குப் பொருளில்லை. ஒரு கைபேசியை முழுதாகப் பிரித்துச் சேர்க்க, ஏன் இப்படி என்று கேட்க, அவர்களை எவரும் பழக்கவில்லை. ஊசித் தொழிற்சாலையில் வேலையைக் கூறுபோட்டால் கையின் லாகவம் கூடும் என்று 1776-இல் எழுதிய ஆடம் ஸ்மித், அதே நூலின் பிற்பகுதியில், ஆயுள் முழுவதும் ஓரிரண்டு செயல்களையே செய்பவனின் அறிவு மழுங்கிப்போகும் என்றும் எழுதினார். நம் பொருளாதாரவாதிகள் முதல் பகுதியோடு நூலை மூடி வைத்துவிடுகிறார்கள்.

இதைவிடக் கசப்பானது ‘பயிற்சி’ என்ற சொல்லுக்கு நேர்ந்தது. 1961-ஆம் ஆண்டின் தொழில் பழகுநர் சட்டம், பழகுபவனுக்குக் கற்பிப்பதை முதலாளியின் கடமையாக்கியது. 2013-இல் ‘நீம்’ என்ற திட்டம் வந்தது. பயிற்சிக் காலம் 3 மாதத்திலிருந்து 36 மாதம் வரை போகலாம் என்றது. ஊதியத்தை, தேர்ச்சியற்ற தொழிலாளியின் குறைந்தபட்சக் கூலிக்குக் குறையாமல் என்று நிர்ணயித்தது. மூன்றாண்டு பயின்ற பிறகும் தேர்ச்சியற்றவனின் கூலியை அளவாக வைத்தது எதை ஒப்புக்கொள்கிறது? இந்தச் சாலையின் டிரெய்னிகள் பலரும் நிரந்தரத் தொழிலாளி செய்யும் வேலையையே அவனுக்குப் பக்கத்தில் நின்று செய்கிறார்கள். டிரெய்னி என்பது கற்றலின் பெயராக இல்லாமல் கூலியின் பெயராகிவிட்டது.

4

விதிவிலக்கு ஒன்று இதே ஒரகடத்தில் உண்டு. 1955-இல் சென்னையில் தொடங்கிய என்ஃபீல்டு இந்தியாவின் திருவொற்றியூர் ஆலையில், புல்லட்டின் பெட்ரோல் டேங்க் மேல் ஓடும் மெல்லிய கோட்டைத் தூரிகையால் கையாலேயே இழுத்தார்கள். டேங்கின் வளைவில் அளவுகோல் உதவாது. மூச்சும் மணிக்கட்டும் ஒன்றாக நகர வேண்டும். 2013-இல் ஒரகடத்தில் புதிய ஆலை இயங்கத் தொடங்கியபோது வண்ணம் பூசும் வேலை ரோபோக்களுக்குப் போயிற்று. கோடு கையிடமே இருந்தது.

இதைக் கொண்டாடலாம். ஆனால் அந்தக் கை ஏன் தப்பிற்று என்றும் கேட்க வேண்டும். கையால் இழுத்த கோடு என்பது வண்டியை விற்க உதவுகிறது. ஒரு சிலரின் தேர்ச்சி காட்சிப்பொருளாகப் பாதுகாக்கப்படுகிறது. மற்றவர்களின் கைக்கு நொடிக்கணக்கு. தேர்ச்சி சாத்யமா என்பதைத் தீர்மானித்தது அந்தக் கைகளின் பிறவி குணமல்ல, அவற்றுக்குக் கொடுக்கப்பட்ட அவகாசம்.

5

இதெல்லாம் கவிதைப் பத்திரிகைக்கு எதற்கு என்று கேட்கலாம். நம்மிடையே இருபதாண்டுகளாக ஒரே கவிதையை எழுதிக்கொண்டிருப்பவர்கள் இருக்கிறார்கள். முதல் தொகுப்பில் வந்த படிமம் ஐந்தாவது தொகுப்பிலும் அதே இடத்தில் திருகாணியாக ஏறுகிறது. அதைத் ‘தன் குரல்’ என்கிறோம். தந்தி ஊழியனின் சமதளம்தான் அது: வேலைக்குப் போதும், பிரசுரத்துக்குப் போதும். ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. கன்வேயரின் முன் நிற்கும் பெண்ணுக்கு அந்தத் தளத்தைவிட்டு நகர அனுமதியில்லை. நமக்கு எவரும் தடை போடவில்லை. நம் ஷிப்டை நாமே வைத்துக்கொள்கிறோம்.

நமக்கு இல்லாதது தறியின் மறுபக்கத்து ஆள். கோர்வை பிசகியதை அப்போதே சொல்லும் ஒருவர். சிறுபத்திரிகை அந்த இடத்தில் உட்கார வேண்டும் என்றுதான் தோன்றியது. பல சமயம் அது நண்பர்களின் கரைகளை ஒருவருக்கொருவர் மெச்சும் இடமாகவே இருந்திருக்கிறது. கைப்பிரதியைக் குறிப்புகளோடு திருப்பி அனுப்பும் ஆசிரியர் எத்தனை பேர்? திருப்பி வந்ததைப் பகையாக எண்ணாமல் மறுபடி எழுதியவர் எத்தனை பேர்?

இந்தச் சாலையின் எந்த ஆலையிடமும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: மூன்றாண்டு முன்பு உள்ளே வந்தவர், அன்று செய்ய முடியாத எதை இன்று செய்கிறார்? அதை வெளியே எடுத்துச் சென்று இன்னொருவருக்குக் கற்பிக்க அவரால் முடியுமா? ஆலைகளிடம் இதைக் கேட்கச் சட்டமும் சங்கமும் வேண்டும். நம் எழுத்திடம் கேட்க, பழைய கைப்பிரதிகளை எடுத்து மேஜைமேல் வைத்தால் போதும்.