சவாரித் தம்பரைப் படைத்தவர்

கேலிச்சித்திரத்தை வரலாற்றுச் சான்றாகக் கொள்ளலாமோ எனச் சிலர் ஐயுறுவர். கல்வெட்டும் செப்பேடும் அரசர் கொடையைக் கூறும். ஆயின், ஒரு காலத்துப் பொதுமக்கள் எவ்வாறு பேசினர், எதனைப் பெருமையென எண்ணினர், எதற்கு நாணினர் என்பவற்றை அவை கூறா. ஈழத்துத் தமிழரைப் பொறுத்தவரை இக்குறையை நிறைவு செய்தோருள் ஒருவர், 'சுந்தர்' என்னும் பெயரால் சித்திரம் வரைந்த சி. சிவஞானசுந்தரம் ஆவார்.

வடமராட்சியிலுள்ள கரவெட்டியில் 1924இல் பிறந்த இவர், கட்டடக்கலை பயிலப் பம்பாய் சென்றார். சென்றதோ கட்டடம் வரைய. கற்றதோ மனிதரை வரைய. அந்நகரம் அக்காலத்தில் கேலிச்சித்திரக் கலைக்குப் பெருநிலையமாய் விளங்கியது. ஆர். கே. லக்ஷ்மண் புகழ்பெற்றதும் அங்கேதான். தாயகம் மீண்ட சுந்தர், 'தினகரன்' பத்திரிகையில் சவாரித் தம்பரை உலவவிட்டார்.

திகன, பல்லேகல முதலிய ஊர்களில் வளரும் நம் மாணவர்க்கு இப்பெயர் விளங்காதிருக்கலாம். சவாரி என்பது வடபுலத்தில் மாட்டுவண்டிப் பந்தயம். எனவே, தம்பர் யாழ்ப்பாணக் கிராமத்து மனிதர் என்பது பெயரிலேயே புலப்படும். அவரொடு சின்னக்குட்டி, மைனர் மச்சான் முதலியோரும் இவர் தூரிகையிற் பிறந்தனர். 'மிஸிஸ் டாமோடிரன்' என்னும் பெயரை நோக்குக. தாமோதரன் என்னும் நல்ல தமிழ்வழக்குப் பெயரை ஆங்கில நாவால் ஒலித்தால் யாதாகுமோ, அதுவே அச்சேறியுள்ளது. கொழும்பு நாகரிகத்தில் மயங்கிய ஒரு வகுப்பாரின் இயல்பைக் காட்ட வேறு விளக்கம் வேண்டியதில்லை. பெயரைப் படித்தவுடனே நகை பிறக்கின்றது.

1960களின் முற்பகுதியில் கொழும்பிலே 'சிரித்திரன்' இதழை இவர் தொடங்கினார். பின்னர் அது யாழ்ப்பாணத்துக்குப் பெயர்ந்தது. ஆசிரியரும் அவரே, ஓவியரும் அவரே. 'மகுடி' என்னும் பெயரில் வாசகர் வினாக்களுக்கு விடையளித்தவரும் அவரே.

அக்காலத்தை நினைவிற் கொள்ளுதல் வேண்டும். பேச்சுத்தமிழை இலக்கியத்தில் எழுதுவதா என ஈழத்து அறிஞரிடையே கடும் வாதம் நிகழ்ந்த காலம் அது. 'இழிசனர் வழக்கு' என ஒரு சாரார் அதனைப் பழித்தனர். நமக்கு அண்மையிலுள்ள பேராதனைப் பல்கலைக்கழகத்தில் தமிழ்ப் பேராசிரியராயிருந்த க. கணபதிப்பிள்ளை, 1940இலேயே யாழ்ப்பாணப் பேச்சுவழக்கில் நாடகங்களை வெளியிட்டிருந்தார். பேராசிரியர் மேடைக்கு எழுதியதைச் சுந்தர் கோட்டில் வரைந்தார். வாதம் புரிந்தாரல்லர். தம்பரைப் பேசவிட்டார், மக்கள் வாங்கிப் படித்தனர். இவ்வழக்கில் தீர்ப்புக் கூறியோர் அவ்வாசகரே என்பது என் துணிபு. ஏனைய ஊர்த் தமிழர்க்கு இம்மொழி சிறிது கடினமே எனினும், சித்திரம் அருகிருந்தமையால் பொருள் மறையவில்லை.

போர்க்காலத்து இடர்களுக்கிடையே இதழ் இடையறுந்தும் மீண்டும் வெளிவந்தது. 1996இல், தம் 72ஆம் வயதில் சுந்தர் மறைந்தார். 'கார்ட்டூன் ஓவிய உலகில் நான்' என்னும் தன்வரலாற்று நூல் அவர் தொழில் வாழ்வை அறியத் துணை செய்யும்.

வாசித்தபின் எறியப்படும் தாளில் அச்சானவை இவை. 1981இல் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரிந்தமையையும், பின்வந்த இடப்பெயர்வுகளையும் எண்ணுங்கால், எவ்வளவேனும் எஞ்சியமை வியப்பே. நூலகம் என்னும் எண்ணிம ஆவணகம் சிரித்திரன் இதழ்கள் பலவற்றைப் படியெடுத்து இணையத்தில் வைத்துள்ளது. சமூக வரலாறு பயிலும் மாணவர் அவற்றுள் ஓராண்டு இதழ்களையேனும் வரிசையாய்ப் படித்து, உடை, சீதனம், உத்தியோகம், விலைவாசி ஆகியவை பற்றிய சித்திரங்களைத் தனித்தனியே குறித்து வைப்பாராக. வட்டாரச் சொல்லில் ஐயம் நேரின், அகராதியை நாடுமுன் வடபுலத்து முதியவர் ஒருவரை வினவுதல் நன்று.