மரக்காணம் உப்புப் போக்குவரத்தும் பருவமழைக்காலச் சாலைத் தடைகளும்

மரக்காணம் தமிழ்நாட்டின் விழுப்புரம் மாவட்டத்தில் வங்காள விரிகுடாக் கரையில் அமைந்துள்ள ஒரு பேரூராட்சி ஆகும். தூத்துக்குடி, வேதாரண்யம் ஆகியவற்றுக்கு அடுத்தபடியாகத் தமிழ்நாட்டில் உப்பு உற்பத்திக்குப் பெயர் பெற்ற பகுதி இது. இங்கு மூவாயிரம் ஏக்கருக்கு மேற்பட்ட பரப்பில் உப்பளங்கள் உள்ளன. இவ்வூருக்குத் தொடர்வண்டிப் பாதை இல்லை. சரக்குத் துறைமுகமும் இல்லை. ஆகவே இங்கு விளையும் உப்பு லாரிகள் மூலமே வெளியூர்களுக்குச் செல்கிறது. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் (அக்டோபர் - டிசம்பர்) புயல், வெள்ளம் ஆகியவற்றால் நெடுஞ்சாலைகள் மூடப்படும்போது இப்போக்குவரத்து தடைப்படுகிறது.

உற்பத்திக் காலமும் விற்பனைக் காலமும்

மழை ஓய்ந்தபின் சனவரி மாதத்தில் அளங்களில் தேங்கிய நீர் வெளியேற்றப்பட்டு, வரப்புகளும் பாத்திகளும் சீரமைக்கப்படுகின்றன. உவர்நீர் பாத்திகளில் பாய்ச்சப்பட்டு, வெயிலில் வற்றியபின் உப்பு வாரப்படுகிறது. கோடை மாதங்களில் விளைச்சல் மிகுதியாக இருக்கும். அக்டோபரில் மழை தொடங்கியதும் உற்பத்தி நின்றுவிடும். அதற்கு முன் வாரிய உப்பு மேடான இடங்களில் குவிக்கப்பட்டு, மழையில் கரையாதவாறு ஓலை அல்லது தார்ப்பாய் கொண்டு மூடப்படுகிறது.

இவ்வாறு சேமித்த உப்பே மழைக்காலத்தில் விற்கப்படுகிறது. புதிய உப்பு வராத அம்மாதங்களில் விலை உயர்வது வழக்கம். ஆனால் சாலைகள் மூடப்படும் வாய்ப்பு அதிகம் உள்ளதும் அதே மாதங்களில்தான். இதுவே மரக்காணம் உப்பு வணிகத்தின் அடிப்படைச் சிக்கல் ஆகும்.

நீர்வழியிலிருந்து சாலைக்கு

சங்க இலக்கியங்கள் உப்பை வண்டிகளில் ஏற்றி உள்நாடுகளுக்குக் கொண்டு சென்ற உமணர் என்னும் வணிகரைக் குறிப்பிடுகின்றன. சிறுபாணாற்றுப்படையில் கூறப்படும் எயிற்பட்டினம் என்னும் நெய்தல் நில ஊர் இன்றைய மரக்காணமே என்று ஆய்வாளர் சிலர் கருதுகின்றனர்.

பிரித்தானியர் ஆட்சிக்காலத்தில் உப்பு, விறகு முதலிய சரக்குகள் பக்கிங்காம் கால்வாய் வழியாகப் படகுகளில் சென்னைக்குச் சென்றன. 1806இல் சென்னைக்கும் எண்ணூருக்கும் இடையே தொடங்கிய இக்கால்வாய் பின்னர் படிப்படியாக நீட்டிக்கப்பட்டது. ஆந்திரத்தின் பெத்தகஞ்சத்தில் தொடங்கும் இதன் தென்கோடி மரக்காணம் ஆகும். இதன் நீளம் சுமார் 420 கி.மீ. 1965-66, 1976 ஆகிய ஆண்டுகளின் புயல்களில் கால்வாய் பெரிதும் சேதமடைந்து, சரக்குப் போக்குவரத்து கைவிடப்பட்டது. 2008இல் இது நான்காம் தேசிய நீர்வழியின் ஒரு பகுதியாக அறிவிக்கப்பட்டபோதிலும், மரக்காணம் உப்பு இன்றும் சாலை வழியாகவே செல்கிறது.

சாலைகள் மூடப்படும் விதம்

மரக்காணத்திலிருந்து லாரிகள் செல்ல முதன்மையான வழிகள் இரண்டு. ஒன்று, சென்னையையும் புதுச்சேரியையும் இணைக்கும் கிழக்குக் கடற்கரைச் சாலை. மற்றொன்று, மேற்கே சுமார் 35 கி.மீ தொலைவிலுள்ள திண்டிவனம் சென்று சென்னை - திருச்சி தேசிய நெடுஞ்சாலையை அடையும் சாலை. மழைக்காலத் தடைகள் பின்வருமாறு ஏற்படுகின்றன:

* புயல் கரையைக் கடக்கும் நேரத்தில் முன்னெச்சரிக்கையாகப் போக்குவரத்து நிறுத்தப்படுதல்.
* மரங்களும் மின்கம்பங்களும் சாலையில் சாய்தல்.
* ஆறு, ஏரி, உப்பங்கழிகளின் வெள்ளம் சாலையின்மேல் பாய்தல்.
* உப்பளங்களுக்குள் செல்லும் மண் பாதைகள் சேறாகி, லாரிகள் உப்புக் குவியல்களை அடைய முடியாமற்போதல்.

மரக்காணத்தை அடுத்த கழுவெளி ஏரி மழைநீரைப் பெற்று, இடையன்திட்டு முகத்துவாரம் வழியாகக் கடலில் சேர்க்கிறது. மழைக்காலத்தில் இத்தாழ்நிலம் முழுவதும் நீர் பரவுகிறது. இவ்வேரி 2021இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது.

உப்பு காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மை உடையது. காற்றின் ஈரப்பதம் சுமார் 75 விழுக்காட்டைத் தாண்டினால் அது கசியத் தொடங்கும். எனவே வழியில் நின்றுபோகும் லாரியில் காலம் மட்டுமன்றிச் சரக்கின் எடையும் குறைகிறது.

குறிப்பிடத்தக்க நிகழ்வுகள்

2020 நிவர் புயல்: நவம்பர் 25 நள்ளிரவை ஒட்டி இப்புயல் மரக்காணம் அருகே கரையைக் கடந்தது. முன்னதாக நவம்பர் 24 முதல் விழுப்புரம் உள்ளிட்ட ஏழு மாவட்டங்களில் பேருந்துப் போக்குவரத்து நிறுத்தப்பட்டது.

2024 பெஞ்சல் புயல்: நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. அன்று கிழக்குக் கடற்கரைச் சாலையில் பொதுப் போக்குவரத்தைத் தற்காலிகமாக நிறுத்தி வைக்க மாநில அரசு உத்தரவிட்டது. திண்டிவனத்தை அடுத்த மயிலத்தில் 24 மணி நேரத்தில் சுமார் 51 செ.மீ மழை பதிவானது. மரக்காணம் உப்பளங்கள் நீரில் மூழ்கின. சாத்தனூர் அணையிலிருந்து பெருமளவு நீர் திறக்கப்பட்டதால் தென்பெண்ணையில் வெள்ளம் பெருகி, டிசம்பர் 2 அன்று அரசூர் அருகே சென்னை - திருச்சி நெடுஞ்சாலையில் போக்குவரத்து துண்டிக்கப்பட்டது. விக்கிரவாண்டி - முண்டியம்பாக்கம் இடையே பாலத்தை வெள்ளம் தொட்டதால் தொடர்வண்டிகளும் நிறுத்தப்பட்டன. கடலோரச் சாலைக்கு மாற்றாகக் கருதப்படும் உள்நாட்டுச் சாலையும் அதே மழையில் முடங்கக்கூடும் என்பதை இந்நிகழ்வு காட்டியது.

விளைவுகள்

சாலை அடைபடும்போது முதலில் பாதிக்கப்படுபவர்கள் மூட்டை கட்டுவோரும் சுமை ஏற்றுவோரும் ஆவர். உற்பத்தி நின்ற மாதங்களில் இவ்வேலையே இப்பகுதியினர் பலருக்கு எஞ்சியுள்ள வருவாய் ஆகும். காத்திருக்கும் நாட்களின் செலவு லாரி உரிமையாளர்களையும் ஓட்டுநர்களையும் சேர்கிறது. குவியலில் கரையும் உப்பின் இழப்பு உற்பத்தியாளரைச் சேர்கிறது. மழைக்கால வேலையிழப்பைக் கருத்திற்கொண்டு, உப்பளத் தொழிலாளர்களுக்கு ஆண்டுக்கு 5,000 ரூபாய் நிவாரணம் வழங்கும் திட்டத்தைத் தமிழ்நாடு அரசு 2022இல் நடைமுறைப்படுத்தியது.

பிற இடங்களுடன் ஒப்பீடு

சம்மு - சிறீநகர் நெடுஞ்சாலை குளிர்காலத்தில் பனிப்பொழிவாலும் நிலச்சரிவாலும் மூடப்படும்போது காசுமீருக்குச் செல்லும் சரக்குந்துகள் நாட்கணக்கில் வழியில் நிற்கின்றன. அங்கு பனி செய்வதை இங்கு மழைவெள்ளம் செய்கிறது. மரக்காணத்தில் வெள்ளம் வடிந்து சாலை திறந்த பின்னரும் அளங்களில் நீர் நிற்பதால், உற்பத்தி மீண்டும் தொடங்கப் பல வாரங்கள் ஆகும்.