பெருக்குபவருக்கு முதலாளி யார்?

சென்னையிலிருந்து அரக்கோணம் போகும் பாதையில் திருவள்ளூரைத் தாண்டினால் கடம்பத்தூர். 1856-ல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோட்டுக்கு ஓடிய தென்னிந்தியாவின் முதல் ரயில் போன தடம் இது. ரயில்வேயில் நிலையங்களையும் பெட்டிகளையும் சுத்தம் செய்தவர்கள் பிற்காலத்தில் சபாய்வாலா என்ற பதவியில் நேரடி ஊழியர்களாக இருந்தார்கள். வேலை இழிவாகப் பார்க்கப்பட்டாலும் பயணப் பாஸும் ஓய்வூதியமும் அவர்களுக்கு உண்டு. இன்று காக்களூரிலும் கும்மிடிப்பூண்டியிலும் தேர்வாய்கண்டிகையிலும் ஆலைத் தரையைத் துடைக்கும் ஹவுஸ்கீப்பிங் ஆட்கள் பெரும்பாலும் காண்ட்ராக்டரின் ஆட்கள். ‘ஆள் நிற்பதில்லை, வேலையில் பிடிப்பில்லை’ என்பது இத்தொழிலை நடத்துவோரின் நிரந்தரப் புலம்பல். பயிற்சி வகுப்பு, புதிய சீருடை, மாதத்தின் சிறந்த பணியாளருக்குச் சான்றிதழ் என்று அவர்கள் தேடும் மருந்துகளை நான் குறை சொல்லவில்லை. ஆனால் நோய் வேறிடத்தில் இருக்கிறது. துப்புரவாளருக்கு முதலாளி யார் என்ற கேள்விக்கு இந்த நாடு ஐம்பது ஆண்டுகளாகச் சொல்லிவந்த மாறுபட்ட விடைகளில்தான் அந்தப் பிடிப்பு அறுந்தது.

அதற்கு முன்பு பொற்காலம் இருந்ததாக யாரும் எண்ண வேண்டாம். பிறப்பால் ஒருவர் தலையில் சுமத்தப்பட்ட வேலை அது; அதை வாங்குவதற்கு ஆங்கிலேய ஆட்சி கையாண்ட வழி பயம். ஐக்கிய மாகாணத்தின் 1916-ஆம் ஆண்டு நகராட்சிச் சட்டப்படி, அனுமதியின்றி வேலையை விட்ட அல்லது தக்க காரணமின்றி வராமலிருந்த துப்புரவாளரை இரண்டு மாதம் வரை சிறையில் வைக்கலாம். எழுத்தர் வராவிட்டால் சம்பளம் போகும். பெருக்குபவர் வராவிட்டால் சிறை. இவர்கள் இல்லாமல் நகரம் நாறிவிடும் என்று அரசுக்கு நன்றாகவே தெரிந்திருந்தது. அந்த அறிவு கூலியில் தெரியவில்லை, தண்டனையில்தான் தெரிந்தது.

சுதந்திர இந்தியா இதைத் திருத்த முயன்றது உண்மை. 1970-ல் ஒப்பந்தத் தொழிலாளர் (ஒழுங்குமுறை மற்றும் ஒழிப்பு) சட்டம் வந்தது. ஒரு வேலை நிறுவனத்துக்கு அவசியமானதா, ஆண்டு முழுவதும் நடப்பதா, வழக்கமாக நிரந்தர ஊழியர்கள் செய்வதா, முழுநேரமாகப் பலருக்கு வேலை தருமளவு இருக்கிறதா என்பவற்றைப் பார்த்து, அதில் ஒப்பந்த முறையை அரசு தடை செய்யலாம் என்றது 10-ஆம் பிரிவு. இந்த அளவுகோல்களுக்குத் துப்புரவைவிடப் பொருத்தமான வேலை உண்டா? குப்பை சேராத நாள் எது? 1976 டிசம்பர் 9 அன்று மத்திய அரசு, தன் தொழிலாளர் அதிகார வரம்புக்குள் வரும் நிறுவனங்களின் கட்டடங்களில் பெருக்குதல், சுத்தம் செய்தல், தூசி தட்டுதல், காவல் ஆகியவற்றுக்கு ஒப்பந்தத் தொழிலாளரை வைக்கக் கூடாது என அறிவிக்கை வெளியிட்டது. ரயில்வே அந்த வரம்புக்குள் வந்தது. அதே ஊரில் நிற்கும் தனியார் ஆலைக்கு மாநில அரசே உரிய அரசு என்பதால், அதற்கு இது பொருந்தவில்லை. 1996-ல் ஏர் இந்தியா வழக்கில் உச்ச நீதிமன்றம் இன்னும் ஒரு படி ஏறி, தடை வந்தால் அந்தத் தொழிலாளர்கள் தாமாகவே நிறுவனத்தின் ஊழியர்களாகிவிடுவார்கள் என்றது. ஐந்தாண்டுகூட நிலைக்கவில்லை. 2001 ஆகஸ்ட் 30 அன்று ஸ்டீல் அதாரிட்டி வழக்கில் ஐந்து நீதிபதிகள் அமர்வு அந்தத் தீர்ப்பை மாற்றியது. ஒவ்வொரு நிறுவனத்தின் நிலையையும் ஆராயாமல் பொத்தாம் பொதுவாகத் தடை செய்ததாகச் சொல்லி 1976 அறிவிக்கையையும் ரத்து செய்தது. 2020-ல் இயற்றப்பட்டு 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த தொழிற்பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு முழுவட்டம் அடித்துவிட்டது. முக்கியப் பணிகளில் ஒப்பந்த முறை கூடாது என்கிறது அது. ஆனால் பெருக்குதல், சுத்தம் செய்தல், தூசி தட்டுதல் ஆகியவை, நிறுவனமே அதற்கென்று அமைந்திருந்தாலன்றி, முக்கியப் பணி ஆகா என்றும் சொல்கிறது. 1976-ல் எந்த வேலைகளைச் சொல்லித் தடுத்தார்களோ, அதே வேலைகளைச் சொல்லித் திறந்துவிட்டார்கள்.

இதன் விளைவை ஆலைத் தரையில் பார்க்கலாம். தமிழ்நாட்டின் 1981-ஆம் ஆண்டுச் சட்டப்படி 24 மாதங்களில் 480 நாள் வேலை செய்தவர் நிரந்தரம் கோரலாம். 1972-ஆம் ஆண்டுப் பணிக்கொடைச் சட்டம் ஐந்தாண்டுத் தொடர் பணியைக் கேட்டது. டெண்டர் கைமாறும்போது அதே பெண் அதே தளத்தை அதே மாப்பால் துடைக்கிறார். சீருடையின் நிறமும் சம்பளச் சீட்டின் பெயரும் மாறுகின்றன. பல இடங்களில் பணிக்கணக்கு மீண்டும் முதல் நாளிலிருந்து தொடங்குகிறது. எந்த அமிலத்தை எந்தத் தரையில் ஊற்றக் கூடாது என்று பத்தாண்டில் கற்றவருக்கும் நேற்று வந்தவருக்கும் ஒரே கூலி என்றால், கற்பதற்கு அவருக்கு என்ன காரணம் இருக்கிறது?

நிரந்தரமாக்கினால் மெத்தனம் வரும் என்பார்கள். அப்படி நடந்த அலுவலகங்கள் உண்டு, மறுக்கவில்லை. அங்கே தவறியது மேற்பார்வை. அதே அலுவலகத்தின் கணக்கர் மெத்தனமாக இருந்தால், கணக்கையே காண்ட்ராக்டுக்கு விடு என்று யாரும் சொல்வதில்லையே. இன்னொரு வாதம் நிர்வாகவியல் வகுப்பிலிருந்து வருகிறது: சம்பளமும் பாதுகாப்பும் அதிருப்தியைத் தடுக்குமே தவிர ஊக்கம் தராது, அங்கீகாரமும் சாதனையும்தான் ஊக்கம் தரும் என்று 1959-ல் ஃபிரெடரிக் ஹெர்ஸ்பெர்க் எழுதியது. அவர் ஆராய்ந்தது பிட்ஸ்பர்க் பகுதியின் ஏறத்தாழ 200 பொறியாளர்களையும் கணக்காளர்களையும். காலடியில் தரை உறுதியாக இருந்தவர்கள் அவர்கள். அந்தத் தரையே இல்லாதவரிடம் சான்றிதழை நீட்டுவது அவர் கோட்பாட்டுக்கே எதிரானது. மூன்றாவது வாதம் வலுவானது: சிறப்பு நிறுவனங்களிடம் இயந்திரமும் முறையும் உண்டு. கோபன்ஹேகனில் 1901-ல் காவல் நிறுவனமாகத் தொடங்கி 1934-ல் துப்புரவுக்கு வந்த ஐ.எஸ்.எஸ். இதை உலகளாவிய தொழிலாக்கிக் காட்டியது. ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நிறுவனம் மாறினால் தொழிலாளியின் பணிக்காலமும் அழிய வேண்டும் என்ற விதி அதில் இல்லை. பிரிட்டனில் 2006-ஆம் ஆண்டு விதிகளின்படி துப்புரவு ஒப்பந்தம் கைமாறினால், அந்தப் பணிக்கென இருக்கும் தொழிலாளர் குழு பழைய சம்பளத்தோடும் பணிக்காலத்தோடும் புதிய நிறுவனத்துக்குப் போகிறது.

2025 ஆகஸ்டில் சென்னை மாநகராட்சியின் ரிப்பன் மாளிகை முன்பு ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் தூய்மைப் பணியாளர்கள் 13 நாள் போராடினார்கள். மண்டலங்களைத் தனியாரிடம் கொடுக்கக் கூடாது, எங்களை நிரந்தரமாக்குங்கள் என்பதே கோரிக்கை. நள்ளிரவில் அவர்களை அப்புறப்படுத்திய பின், காலை உணவு உள்ளிட்ட நலத்திட்டங்களை அரசு அறிவித்தது. உணவு நல்லதுதான், கேட்டதற்கு அது விடையாகாது. இந்த வட்டாரத்து ஆலைகளுக்கு ஒரு வேண்டுகோள். காண்ட்ராக்டர் மாறினாலும் பழைய ஆட்கள் தொடர வேண்டும், அவர்களின் பணிக்காலமும் தொடர வேண்டும் என்று அடுத்த டெண்டரில் ஒரு நிபந்தனை சேருங்கள். எந்தச் சட்டமும் அதைத் தடுக்கவில்லை.